‘வேலை கிடைச்சா எல்லாம் சரியாயிடும்’... அதுவரைக்கும்?

கேள்வி: எனக்கு 26 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் 14 மாதம் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் எங்கள் பேட்ச் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்து மூன்று வருடமாக டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். போன குரூப் 4-ல் நான்கு கேள்வியில் கட்-ஆஃப் தவறியது. அதற்குப் பிறகு எதுவும் ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கிறேன். மூடினால் ஒன்றும் நினைவில்லை. ராத்திரி மூன்று மணி வரை போன், காலையில் பதினொன்றுக்கு எழுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை, ஆறு கிலோ குறைந்துவிட்டேன். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று லட்சம் கொடுத்தால் அரசு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. இது சோம்பேறித்தனமா, நோயா? ‘வேலை கிடைச்சா எல்லாம் சரியாயிடும்’ என்கிறார் அம்மா, நிஜமா? மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை சாப்பிட்டால் அரசு வேலைக்குத் தடை வருமா? (சில நாள், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றும். ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் சின்ன விஷயமாகிவிடும் என்று நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பெரிதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் அதற்குத்தான்.

கண் விழிக்காமலே போய்விடலாம் என்ற நினைப்பு மனச்சோர்வில் வரும் அறிகுறி, காய்ச்சலில் குளிர் நடுக்கம் வருகிற மாதிரி. இதில் இரண்டு படி உண்டு. ‘இல்லாமல் போனால் தேவலை’ என்பது முதல் படி. ‘எப்படி, எப்போது’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்குவது இரண்டாவது. முதல் படியில் இருப்பவர் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது படிக்கு வந்துவிட்டால் அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தனியாக இருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண், மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104, தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 ஆகியவையும் இருக்கின்றன. இவற்றை இப்போதே போனில் பெயர் போட்டுச் சேமித்துவிடுங்கள். வேண்டிய நேரத்தில் தேடுகிற பொறுமை இருக்காது.

இன்னொன்று. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தோ, பெரியவர்களின் மாத்திரை டப்பாவோ வீட்டில் இருந்தால் அம்மாவிடம் சொல்லிப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். சாகத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தில் பொருள் கைக்கெட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால், சொல்ல வழி கிடைக்கும்.

இனி சோம்பேறித்தனமா என்ற கேள்வி. சோம்பேறிக்கு வேலையில்தான் சோம்பல் இருக்கும். பிரியாணியிலும் கிரிக்கெட்டிலும் இருக்காது. உங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, நண்பர்களும் வேண்டாம் என்றாகிவிட்டது. மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்றொரு படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஒன்பது விஷயங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும்: எதிலும் நாட்டமில்லாமை, மனம் இறங்கிக் கிடப்பது, தூக்கம் கெடுவது, அசதி, பசி மாறுவது, தன்னைத் தோற்றவனாக நினைப்பது, கவனம் நிற்காதது, பேச்சும் அசைவும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, செத்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு. இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27-க்கு, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 0 தவிர வேறு எதைப் போட்டாலும் கூட்டுத்தொகையைப் பார்க்கவே வேண்டாம், மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் இந்த ஒன்பதில் ஆறேழு உங்கள் கடிதத்திலேயே வந்துவிட்டன.

அம்மா சொல்வதில் பாதி உண்மை. வேலை கிடைத்தவர்களின் மனநிலை பொதுவாக மேலேறத்தான் செய்கிறது. தவறு வரிசையில் இருக்கிறது. வேலை இல்லாதது ஒரு பிரச்சினை, மனச்சோர்வு இன்னொரு பிரச்சினை. முதலாவது இரண்டாவதைக் கொண்டு வந்திருக்கலாம். ஆனால் வந்து உட்கார்ந்த பிறகு அது தன் பாட்டுக்குத் தங்கிவிடுகிறது. போதாததற்கு, வேலை கிடைக்கும் வழியையும் அடைக்கிறது. மனச்சோர்வு முதலில் தின்பது கவனத்தையும் நினைவாற்றலையும். ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றது உங்கள் மூளையின் தரத்தைக் காட்டவில்லை, அதன் இப்போதைய நிலையைக் காட்டுகிறது. படித்தது நிற்காததால் தேர்வு போகிறது, தேர்வு போனதால் சோர்வு கூடுகிறது, சோர்வு கூடியதால் படித்தது மனதில் நிற்பதில்லை. வேலை வந்து சோர்வு தீரும் என்று காத்திருந்தால் இந்த வட்டம் தானாக உடையாது. சோர்வுக்கு இப்போதே சிகிச்சை எடுப்பதும் தேர்வுத் தயாரிப்புதான்.

தோல்விக்கு நீங்கள் மட்டும் பொறுப்பு என்ற நினைப்பையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 குரூப் 4-க்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 300 பேர். 299 பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 29 வயதுக்காரர்களில், வேலையில் இருப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்து நூறு பேர் என்றால், தேடியும் கிடைக்காதவர்கள் பத்துப் பேர்.

வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் தருகிறது. போன பிறகுதான் அவை தெரியும். ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரில் இருந்த ஒரே நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. ஊரில் 478 குடும்பங்கள். சமூக உளவியலாளர் மரீ யகோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் அன்றாட வாழ்க்கையைக் குறித்து வைத்தார்கள். கையில் நேரம் நிறைய இருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டு வருடத்தில் பாதியாகக் குறைந்தது. நூலகக் கட்டணத்தை நீக்கிய பிறகும் அப்படித்தான். ஆண்களின் நடை மெதுவாகிப் போனது. அன்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதிலிருந்து யகோடா பின்னாளில் சொன்னது: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதப் பழக்கம், பலர் சேர்ந்து செய்யும் ஒன்றில் பங்கு, நாலு பேர் முன் ஓர் அடையாளம், கைக்கு ஓய்வில்லாத செயல் என்று ஐந்தையும் வேலை நமக்குத் தெரியாமலே தருகிறது. உங்கள் பதினொரு மணி விழிப்பும், குரூப்பை விட்டு வெளியேறியதும், சொந்தக்காரர் பயமும் இந்த ஐந்தில் எங்கெங்கே விழுகின்றன என்று பாருங்கள். வேலை வரும்வரை இவற்றை வேறு வழியில், சில்லறையாகவாவது, ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இதைத்தான்.

முதலில் மருத்துவமனை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் இருக்கும், மருத்துவரிடம் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடமாகத்தான் இருக்கும். அதில் அழுகை பாதி, தயக்கம் பாதி போய்விட்டால் முக்கியமானது விட்டுப்போகும். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, தூங்கும் நேரம் எழும் நேரம், குறைந்த எடை, சாவு நினைப்பு எத்தனை நாளுக்கு ஒரு முறை, குடி உண்டென்றால் எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா. ‘தூக்கம் சரியில்லை டாக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்க மாத்திரையோடு திரும்புவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பரிசோதனை எழுதித் தந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தம் குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். எடை ஏன் குறைந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரை எழுதினால் பெரும்பாலும் எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் வகையாக இருக்கும். இவை பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், வயிறு கலக்கல், லேசான தலைவலி, தூக்கம் முன்பின்னாவது. பலன் தாமதமாகவும் தொல்லை உடனேயும் வருவதால்தான் பலர் பத்தாம் நாளில் ‘ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் முதல் சில வாரங்களில் படபடப்போ, உட்கார முடியாத தவிப்போ, சாவு நினைப்போ கூடினால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. உடனே போய்ச் சொல்ல வேண்டும். இளவயதினருக்கு இது ஏற்படலாம். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவது மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாக. அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடுவது வேறு கதை. அவைதான் பழக்கமாகும், அவற்றைத் தொடாதீர்கள்.

அரசு வேலைக்குத் தடையா என்று கேட்டீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம் என்கிறது. சட்டமே சொல்லும் சில விலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை அதை வெளியே தர முடியாது. இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. போன்ற பணிகளுக்கு, ஒரு காலத்தில் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டார் என்பது தடையாகாது. சேரும்போது பார்ப்பது அந்த வேலையைச் செய்ய இப்போது தகுதியாக இருக்கிறாரா என்பதை. காவல், ராணுவம் போன்ற சீருடைப் பணிகளின் மருத்துவத் தேர்வு கடுமையானது. அங்கே போக நினைப்பவர் மருத்துவரிடம் முன்பே அதைச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது. இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, கவனம் நிற்காததால் தேர்வையே இழப்பவர்கள்தான் அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒரு 80 பக்க நோட்டில் தொடங்குகிறது. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி: என்ன செய்தேன், மனநிலை பத்துக்கு எவ்வளவு. ‘நாள் முழுக்க ஒரே இருட்டு’ என்று தோன்றுகிற நாளிலும் 2-க்கும் 5-க்கும் இடையே ஏற்ற இறக்கம் இருப்பது எழுதினால்தான் தெரியும். கடையில் அரை மணி நின்றபோது 4, இன்ஸ்டாகிராம் பார்த்து முடித்தபோது 2 என்று வந்தால், எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து தினம் இரண்டு செயல். ஒன்று, முடித்தால் ‘முடித்தேன்’ என்று சொல்லக்கூடியது: துணி துவைப்பது, ஐந்து கணக்கு, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது. இன்னொன்று, முன்பு பிடித்திருந்தது: கைப்பந்து, கண்மாய்க் கரையில் நடப்பது, பழைய நண்பரோடு டீ. இப்போது அதில் பிடித்தம் வராது. வராமல்தான் தொடங்க வேண்டும். மனம் வந்தால் செய்வேன் என்பது நல்ல உடம்புக்காரரின் கணக்கு. மனச்சோர்வில் செயல் முன்னால் போகும், மனம் சில வாரம் கழித்துப் பின்னால் வரும். ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்ற சிகிச்சை முறைக்கு அடிப்படையே அதுதான்.

இது எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊக்கமூட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, காலை 4.30 முதல் இரவு 10 வரை வண்ணப் பேனாவில் கால அட்டவணை போடுவீர்கள். செவ்வாய்க்கிழமை அது கிழியும். புதன்கிழமை, ‘என்னால் எதுவும் முடியாது’ என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். அந்த அட்டவணை மூன்று வருடத்துக்கு முந்தைய உங்களுக்காகப் போட்டது. இன்றைய உங்களுக்கு எவ்வளவு முடியும் என்று நினைக்கிறீர்களோ, அதைப் பாதியாக்குங்கள். பிறகு இன்னொரு முறை பாதியாக்குங்கள். அது சிரிப்பு வருமளவு சின்னதாக இருந்தால் சரியான அளவு. ஒரு நாள் தவறினால் விடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து தவறக் கூடாது என்பது மட்டும் விதி.

தூக்கம். சீக்கிரம் படுப்பதில் ஆரம்பித்தால் தோற்பீர்கள். ஒன்பது மணிக்குப் படுத்து மூன்று வரை புரளுவதுதான் நடக்கும். பிடி விழிக்கும் நேரத்தில் இருக்கிறது. இப்போது 11 என்றால் முதல் இரண்டு நாள் 10.30, அடுத்த இரண்டு நாள் 10 என்று அரை மணியாக முன்னுக்கு இழுங்கள். 6.30-க்கு வர ஒன்பது படி, ஏறக்குறைய மூன்று வாரம். எழுந்ததும் இருபது நிமிடமாவது வெளியே வெளிச்சத்தில் நடக்க வேண்டும். உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது அந்த வெளிச்சம்தான். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். டீ, காபி நாலு மணியோடு சரி. படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்தில் உட்கார்ந்து மங்கலான விளக்கில் ஏதாவது செய்யுங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். போன் சார்ஜர் இனிமேல் படுக்கையறையில் இருக்கக் கூடாது. அலாரத்துக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். குடித்தால் தூக்கம் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வரும், பின்னிரவில் கலைந்து, மறுநாள் சோர்வை இரட்டிப்பாக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு அது கூடவே கூடாது.

படிப்பைப் பற்றி. எட்டு மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்வதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடப்பது. முதல் வாரம் நாளுக்கு மூன்று சுற்று போதும். வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டலாம். வாசிப்பதைவிடப் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கவனம் பலவீனமாக இருக்கும்போது வாசிப்பு வழுக்கும். கேள்வி கொஞ்சம் பிடித்து நிறுத்தும். குரூப் 4-ன் 200 கேள்விகளில் 25 கணக்கும் திறனறிவும். பொறியியல் படித்தவருக்கு விரைவில் கைவரும் பகுதி அது. தினம் ஐந்து கணக்கு என்று அங்கே தொடங்குங்கள். பாடத்திட்டத்தில் அது சின்ன மூலைதான். ஆனாலும் இப்போது உங்களுக்குத் தேவை, சரியாக வந்த விடைகளின் ருசி.

படிக்கும் இடத்தையும் வீட்டை விட்டு மாற்றுங்கள். மாவட்ட மைய நூலகத்துக்குப் போகலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வு வகுப்புகள் கட்டணமில்லாமல் நடக்கின்றன. பாடத்தைவிட, சட்டை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறிப் பத்து மணிக்கு ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்துக்காக இதைச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று: எப்போது நிறுத்துவது? குரூப் 2 போன்ற தேர்வுகளில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பெரும்பாலான பதவிகளில் வயது உச்சவரம்பு கிடையாது. சலுகைதான், ஆனால் அதில் ஒரு சிக்கல்: ‘போதும்’ என்று தேர்வாணையம் ஒருபோதும் சொல்லாது. நான்கு கேள்வியில் தவறியவருக்கு அடுத்த முறை எப்போதும் பக்கத்தில் தெரியும். நிறுத்தும் இடத்தை நீங்கள்தான் போட வேண்டும். அதையும் முடிவு வருவதற்கு முன்னால், மனம் ஓரளவு தெளிந்த ஒரு நாளில், எழுத்தில்: இன்னும் எத்தனை தேர்வு, எந்த மாதம் வரை, அதன் பிறகு எது. முடிவு வந்த அன்று எடுக்கும் தீர்மானம் பெரும்பாலும் கோபமோ ஏக்கமோ எடுத்ததாக இருக்கும். சிகிச்சை தொடங்கி எட்டு வாரம் ஆகும்வரை இந்தத் தேதியையும் போட வேண்டாம்.

தேர்வு முடிவு வரும் நாளுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் சாவு நினைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்தான நாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்காதீர்கள். யாரோடு இருந்து பார்ப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு தனியாகப் படுக்க வேண்டாம்.

நடுவில், கையில் கொஞ்சம் காசு வர வழி பாருங்கள். அப்பா கடையிலேயே ஆரம்பிக்கலாம், ஆனால் ‘சும்மாதானே இருக்கான், உட்காரட்டும்’ என்ற முறையில் வேண்டாம். மாலை 5 முதல் 8 வரை உங்கள் பொறுப்பு, அந்த மூன்று மணி நேரக் கணக்கு உங்கள் கையில், மாதம் ஒரு தொகை என்று பேசிக்கொள்ளுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். சவரத்துக்கும் ரீசார்ஜுக்கும் கேட்டு வாங்காமல் இருப்பதே பெரிய மாற்றம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷனும் இதில் சேரும். தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, விண்ணப்பிப்பதற்கு வாரத்தில் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். தினமும் தேடுபவருக்கு வேலை சீக்கிரம் வருவதில்லை, நிராகரிப்புதான் தினமும் வருகிறது.

மூன்று லட்சம் கொடுக்கவே கூடாது. காசுக்கு அரசு வேலை என்பவர் ஏமாற்றுகிறார், அல்லது உங்களை ஒரு குற்றத்தில் பங்காளி ஆக்குகிறார். பணம் போனால் வரப்போவது கடன் மட்டுமில்லை, ‘என்னால்தான் அப்பா ஏமாந்தார்’ என்ற நினைப்பும். தாய்லாந்து, கம்போடியா என்று சொல்லிக் கணினி வேலைக்கு ஆள் எடுப்பவர்களிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். அங்கே போய் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். இணைய மோசடியில் ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே புகார் சொல்லலாம்.

அம்மா, அப்பாவுக்குச் சில வார்த்தை. எதிர்வீட்டுப் பையனின் சம்பளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். ‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா பொறுப்பு வந்துரும்’ என்ற யோசனை வேண்டாம். இப்போது அது இரண்டு பேருடைய பிரச்சினையாகத்தான் மாறும். தினமும் ‘ஏதாச்சும் வந்துச்சா?’ என்று கேட்பதற்குப் பதிலாக ஞாயிறு மாலை பதினைந்து நிமிடம் வேலையைப் பற்றிப் பேசுவது என்று ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் மகன் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் மறுபாதி. அவர் அறைக்குள்ளேயே கிடந்தால் அறிவுரையோடு போகாதீர்கள். ‘வா, கடைக்குச் சரக்கு எடுக்கப் போலாம்’ என்று ஒரு வேலையோடு போங்கள்.

நண்பர்களில் நாற்பது பேரும் வேண்டாம், இருவர் போதும். குரூப்பில் திரும்பச் சேராமல் அந்த இருவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள்: ‘கொஞ்ச நாளா மனசு சரியில்லடா, அதான் ஒதுங்கிட்டேன். இந்த வாரம் ஒரு டீ குடிக்கலாமா?’ இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியாகக் கல்யாணம். போகாமல் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி. ஆனால் தங்கை கல்யாணத்தில் இல்லாத அண்ணன் என்பது பிறகு வருடக்கணக்கில் குத்தும். மூலையில் கைகட்டி நிற்பவனிடம்தான் எல்லோரும் வந்து ‘என்ன பண்ற தம்பி?’ என்பார்கள். அதனால் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பந்திப் பொறுப்பு ரொம்ப நல்லது. சாம்பார் வாளியோடு நடப்பவனை யாரும் நிறுத்தி வைத்துக் கேட்பதில்லை. கேட்டாலும் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடலாம். தப்ப முடியாத இடங்களுக்கு ஒரு பதிலை முன்கூட்டியே கண்ணாடி முன் நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள்: ‘பரீட்சைக்குப் படிக்கிறேன் மாமா, சாயங்காலம் கடையையும் பாத்துக்கிறேன். உங்க முட்டுவலி இப்ப எப்படி இருக்கு?’ பொய் இல்லை, நீளம் இல்லை; முட்டுவலியைப் பற்றிக் கேட்டுவிட்டால் அடுத்த பத்து நிமிடம் அவரே பேசுவார். மருத்துவர் கொடுக்கும் தேதி கல்யாண வாரத்தில் விழுந்தால் முன்னதாகவே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையை மண்டபத்துக்கு எடுத்துப்போகும் பையில் முதல் நாளே போட்டுவிடுங்கள். கல்யாண வீட்டுப் பரபரப்பில் மறந்துபோகும்.